ராப்டோமயோலிசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பெங்களூரு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் சுருக்கமாக 'ராப்டோ' என்பார்கள். முழுப்பெயர் ராப்டோமயோலிசிஸ். கிரேக்கத்தில் ராப்டோஸ் கோல், மிஸ் தசை, லிசிஸ் கரைதல். மருத்துவத்தில் 'ராப்டோ' என்று தொடங்கினால் பெரும்பாலும் வரித்தசை சம்பந்தப்பட்டது. நம் பாடநூல்களில் வரும் அதே வரித்தசைதான், கைகால்களை அசைப்பது.

இந்த நோயில் அந்தத் தசைச் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம், பொட்டாசியம், சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்சைம் எல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும். சிறுநீர் பால் ஊற்றாத டிக்காஷன் நிறத்தில் போகும். சிறுநீரில் நனைக்கும் ஸ்ட்ரிப் சோதனை மயோகுளோபினையே 'ரத்தம்' என்று காட்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களே இருக்காது. மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கியவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற ஆய்வாளர்கள் விவரித்தது இந்தச் சிறுநீரகப் பாதிப்பைத்தான்.

குழந்தைகளுக்கு நசுங்கவே வேண்டாம், ஃப்ளூ போன்ற வைரஸ் காய்ச்சல் போதும். பெரும்பாலோருக்கு அது ஒருமுறையோடு சரி. காய்ச்சல் வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தால் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். சிலருக்குக் கொழுப்பை எரிக்கும் என்சைம் பிறவியிலேயே குறைவு. காய்ச்சலில் சாப்பிடாமல் கிடக்கும்போது உடம்பு கொழுப்பைத்தான் நாடும். அதை எரிக்க முடியாமல் தசை சக்தியின்றி உடையும். எல்பின்1 என்ற மரபணுக் கோளாறு 2008இல் தெரியவந்தது, அதில் சி.கே. அளவு லட்சங்களைத் தொடலாம். வழக்கமாக அது சில நூறுக்குள் இருக்கும்.

சரி, தமிழில்? 'தசைச்சிதைவு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. மஸ்குலர் டிஸ்ட்ரஃபிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. பெங்களூரின் நரம்பியல் ஆஸ்பத்திரியான நிமான்ஸுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் தமிழ்க் குடும்பத்திடம் 'தசைச்சிதைவு' என்றால், வருஷக்கணக்கில் மெல்ல முற்றும் அந்த நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். இதுவோ ஓரிரு நாளில் வெடிக்கும் அவசரம், உடனே டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலும் மீளக்கூடியது. 'தசையழிவு' பரவாயில்லை, ஆனால் தசையே போய்விட்டது போல் பயமுறுத்தும். நான் வரித்தசைக் கரைவு என்பேன். கிரேக்கச் சொல்லின் மூன்று உறுப்புகளும் அதில் இருக்கின்றன.

இது வீட்டில் பேச, ஊரிலிருக்கும் பாட்டிக்குப் போனில் விளக்க. ஆஸ்பத்திரியில் காட்டப் பிள்ளைக்காகக் கையோடு வைத்திருக்கும் அவசரக் கடிதத்தில் மட்டும் மருத்துவப் பெயரே இருக்கட்டும். ராத்திரி டியூட்டி டாக்டர் கன்னடக்காரராகவோ மலையாளியாகவோ இருக்கலாம்.