ஐஓநைஸ்: முன்னுரிமையா, விட்டுக்கொடுப்பா?

பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பகலில் பேக்கப் ஓட ஆரம்பித்தால் கல்யாண ஆல்பத்தின் ஒரு படம் திறக்கவே ஒரு யுகம் ஆகும். பேக்கப் கட்டளைக்கு முன்னால் லினக்ஸின் ‘ஐஓநைஸ்’ (ionice) கட்டளையைச் சேர்த்து, அதன் சி (-c) என்ற தெரிவுக்கு 3 கொடுத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

‘ஐஓ’ என்பது உள்ளீடு, வெளியீடு இரண்டையும் குறிக்கும். ‘நைஸ்’ வந்த வழிதான் நெடுந்தூரம். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முட்டாளைக் குறித்தது. பிறகு கூச்சம், நுணுக்கம் என்றெல்லாம் மாறி, கடைசியில் இனிமை, நல்ல குணம் என்றானது. நாம் ‘மாவை நைஸா அரை’ என்கிறோமே, அதில் அந்த நுணுக்கப் பொருள் இன்னும் இருக்கிறது.

லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸில் ‘நைஸ்’, சிபியு என்ற செயலியை வேலைகள் பங்கிட்டுக்கொள்வதற்கான கட்டளை. லினக்ஸில் அதன் அளவு -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட, அந்த வேலை மற்றவற்றுக்கு வழிவிடும். இதை ‘முன்னுரிமை’ என்று மொழிபெயர்த்தால், 19தான் முதலில் நிற்கும் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். அதனால் ‘விட்டுக்கொடுப்பு’ என்பதே சரியான சொல் என்பேன். ஐஓநைஸ், கோப்புகள் இருக்கும் வட்டுக்கான (டிஸ்க்) விட்டுக்கொடுப்பு.

இதில் மூன்று வகுப்புகள். 1 நிகழ்நேரம், ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும், மற்ற வேலைகளைப் பட்டினி போட்டுவிடும், கவனம். 2 இயன்றவரை; வழக்கமான வகுப்பு இதுதான், உள்ளே 0 முதல் 7 வரை படிகள், 0தான் முதல். 3 ஓய்வுநேரம், வேறு யாரும் வட்டைக் கேட்காதபோதுதான் இதற்கு முறை வரும். தாமிரபரணிக் கால்வாயில் தலைமடை வயல்கள் நிறைந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் போவதுபோல. பேக்கப்புக்கு அது போதும், அவசரமில்லை.

ஆனால் முறை வைத்துத் தண்ணீர் விட ஆள் வேண்டுமே. வட்டில் அந்த வேலையைச் செய்வது, லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் உள்ள முறைப்படுத்தி (ஷெட்யூலர்). பிஎஃப்கியு (BFQ) என்ற முறைப்படுத்தி இந்த வகுப்புகளை மதிக்கும். அதேபோல் மதித்த பழைய சிஎஃப்கியு (CFQ) 2019இல் வந்த 5.0 கர்னலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. என்விஎம்இ (NVMe) என்ற வேகமான எஸ்எஸ்டி வட்டுகளில் பெரும்பாலும் ‘நன்’ (none), அதாவது முறைப்படுத்தியே இல்லாத அமைப்பு இருக்கும். அங்கே ஐஓநைஸ் சொல்வதைக் கேட்க ஆளில்லை. முதலில் உங்கள் வட்டில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கட்டளையைப் போடுங்கள்.