ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு

இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருக்கிற வீட்டில் போய் "எத்தனை லிட்டர் கறக்குது?" என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். "கடைசியா எப்ப கன்னு போட்டுச்சு?" என்று கேட்டால்தான் வீடே கூடி யோசிக்கும், ஆடிக்கு முந்தியா, மாரியம்மன் நோம்பிக்கு அப்புறமா என்று. தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கட்டுத்தரைகளில் கால்நடை மருத்துவராகப் பார்த்த வரையில், சிறு பண்ணையின் வருமானத்தை ஓசையில்லாமல் தின்பது இந்தத் தேதி தெரியாமல் இருப்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருடம் ஒரு கன்று வேண்டுமென்றால் கன்று போட்டு 85 நாளுக்குள் மறுபடி சினை நின்றிருக்க வேண்டும். அதில் முதல் ஒன்றரை, இரண்டு மாதம் கருப்பை தேறுவதற்கு விட்டாக வேண்டும். மாடு சினைக்குத் தயாராகிற பருவமோ 21 நாளுக்கு ஒரு தடவைதான் வருகிறது, ஆக நம் கையில் இருப்பது ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பு. நாலு பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 84 நாள். அந்த நாளெல்லாம் பால் இறங்கிக்கொண்டே வரும், தவிடும் புண்ணாக்கும் வாங்குகிற செலவு அந்த அளவுக்கு இறங்காது, விடிவதற்கு முன்னால் எழுந்து சாணி வழிக்கிற வேலையும் குறையாது.

கத்தினால்தான் பருவம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா மாடும் கத்தாது, அதுவும் கோடையில் அறிகுறி ரொம்ப மங்கலாக இருக்கும், எருமையில் இன்னும் மோசம். பின்பக்கம் நிறமில்லாமல், அறுபடாமல் தொங்குகிற கோழை, தீவனத்தில் நாட்டமில்லாமை, கறவை திடீரென்று குறைவது, இன்னொரு மாடு மேலே தாவினால் நகராமல் நிற்பது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தாவ இன்னொரு மாடு கிடையாது, அதனால் இரவு படுக்கப் போகும் முன்பும் விடிகாலையிலும் மாடு படுத்த இடத்தில் கோழை கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஊசி போட்ட 21ஆம் நாளை ஒட்டி மறுபடி கவனியுங்கள். மூன்று மாதத்தில் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். "அப்புறம் கத்தவே இல்லைங்க, சினைதான்" என்று நம்பி ஏழெட்டு மாதம் கழித்து வெறும் வயிறு என்று தெரியும்போது அந்த வீட்டார் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

தேதி எழுதி வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. கன்று போடுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். இரண்டு மாடும் ஒரே நேரத்தில் பால் வற்றினால் சொசைட்டிப் பணம் நின்றுபோகும், மளிகைக் கடையில் கடன் ஏறும். ஆறு மாத இடைவெளியில் ஈனுகிற மாதிரி திட்டமிட்டால் ஏதாவது ஒரு மாட்டிலாவது எப்போதும் பால் இருக்கும்.

இவ்வளவு பாடுகளுக்கு நடுவிலும் ஏன் மாட்டை விடமாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஈன்ற கன்றைத் தாய் நக்கிவிடும்போது வீட்டுப் பிள்ளைகள் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள், விடிவதற்குள் பேர் வைத்துவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறக்காதீர்கள், நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் தர வேண்டும் என்பது தவறு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று குடிக்க வேண்டும், முதல் நாளிலேயே அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். கன்று ஊட்டுவதே நஞ்சுக்கொடி விழவும் உதவும். அதே மாதிரி மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் சர்க்கரைப் பொங்கலை வாளி வாளியாக வைக்காதீர்கள். மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும், அசைபோடுவது நின்று மாடு படுத்துவிடும், சில மாடு எழுந்திருக்காது. ஒரு கைப்பிடி ஊட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, பசுந்தீவனம் நிறையப் போடுங்கள், போதும்.

கடைசியாக வீட்டு ஆண்களிடம் ஒரு விஷயம். தண்ணி காட்டுவது, கறப்பது, கட்டுத்தரை கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். மாடு காலையிலிருந்து சரியில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் எனக்குப் போன் வருவது நீங்கள் வேலை முடிந்து வீடு வந்த பிறகு, பருவம் பாதி கடந்தபின். மருத்துவர் நம்பரையும் 1962 கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரையும் அவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள், உங்களைக் கேட்காமலே கூப்பிடச் சொல்லுங்கள். கால்நடை வளர்ப்புக்குக் கிசான் கடன் அட்டை கிடைக்கிறது, அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது அதையும் அவர்கள் பேரிலேயே எழுதுங்கள்.