நாற்பதை ஒட்டிய வயதில் ஸ்குவாஷ்: பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

நான்கு சுவர்களுக்குள் இருவர் மாறி மாறி மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷை விளையாட எவ்வளவு செலவாகும் என்று கேட்பவருக்கு, விளையாட்டுப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்வார். கோர்ட் நடத்துபவர் வேறொரு தொகையைச் சொல்வார். சென்னையில் விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சையளிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், அந்த இருவர் கணக்கிலும் வராத செலவுகளைத்தான் நான் அன்றாடம் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதைக் கடந்து, அலுவலக நாற்காலியிலிருந்து நேராகக் கோர்ட்டுக்குச் சென்று, சில மாதங்களில் என்னிடம் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் பணம் செலவிடத் தயங்கியவர்கள் அல்லர். மட்டைக்கு முதலிலும் காலணிக்குக் கடைசியிலும் செலவிட்டவர்கள். கண் பாதுகாப்புக்குச் செலவே செய்யாதவர்கள்.

இந்த விளையாட்டில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இந்திய ஸ்குவாஷ் அகாடமி இங்குதான் இருக்கிறது. இங்கே பயிற்சி பெற்ற ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல், சௌரவ் கோஷல் ஆகியோர் உலகத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் சென்றவர்கள். 2025 டிசம்பரில் இதே நகரில் நடந்த உலகக் கோப்பையை இந்தியா வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, கல்லூரிக் காலத்துக்குப் பிறகு எந்த மட்டையையும் தொடாதவர்கள் கோர்ட் தேடி வருவதை நான் வரவேற்கிறேன்.

வெளிப்படையான செலவுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பழைய மன்றங்களில் உறுப்பினராக லட்சக்கணக்கில் பணமும் நீண்ட காத்திருப்பும் வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கோர்ட்டுகளில் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும், அதையும் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். மட்டையின் விலை சுமார் 3,000 ரூபாயில் தொடங்கி 15,000 ரூபாயைத் தாண்டியும் போகிறது. புதியவரின் மட்டை பந்தில் படுவதைவிடச் சுவரில் உரசுவதே அதிகம் என்பதால், முதல் ஓராண்டுக்கு விலை குறைந்த மட்டையே போதும் என்று நான் சொல்வது சில கடைக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

பந்தின் விலை சிறிதுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 24 கிராம் எடையும் கொண்ட, உள்ளீடற்ற ரப்பர் பந்து. தொடர்ந்து அடிபட்டுச் சூடேறினால்தான் எழும்பும். கடைகளில் முதலில் எடுத்துக் கொடுக்கப்படும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து, அதை ஓயாமல் வேகமாக அடித்துச் சூடாகவே வைத்திருக்கக்கூடிய போட்டி ஆட்டக்காரர்களுக்காக உருவாக்கப்பட்டது. புதியவர்கள் இருவர் அதை வைத்து ஆடினால் பந்து ஆறிப்போய்த் தரையோடு தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் முன்னே பாய்ந்து, முழங்காலை ஆழமாக மடக்கி, இடுப்பை வளைத்து அதை எடுக்க வேண்டியிருக்கும். டன்லப் நிறுவனத்தின் புரோக்ரஸ் பந்து அதைவிட 6 சதவீதமும், இன்ட்ரோ பந்து 12 சதவீதமும் பெரியவை. நன்றாக எழும்பி, ஆடுபவருக்குக் கால் வைத்து நிற்க நேரம் தருபவை. பெரிய பந்தில் ஆடுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள், முழங்கால் சில்லின் கீழ்த் தசைநாண் வலியோடு என் முன்னே உட்காரும்போதுதான் அது யாருக்கான பந்து என்று பெட்டியில் எழுதியிருந்ததை யோசிக்கிறார்கள்.

காலணிதான் நான் முதலில் பணம் போடச் சொல்லும் பொருள். ஓட்டக் காலணி நேராக ஓடுவதற்கானது. அதன் குதிப்பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருப்பதால், பக்கவாட்டில் திடீரென்று நின்று திரும்பும்போது கணுக்கால் எளிதில் பிசகிவிடும். மரத்தரையில் தடம் பதிக்காத ரப்பர் அடிப்பாகமும் தாழ்ந்த குதியும் உள்ள உள்ளரங்கக் காலணியே ஸ்குவாஷுக்குப் பொருந்தும். இறகுப்பந்து (பேட்மின்டன்) காலணி ஏற்கெனவே வைத்திருப்பவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கணுக்கால் பிசகு சில வாரங்களில் தேறிவிடும். அக்கிலிஸ் என்று சொல்லப்படும் குதிகால் தசைநாண் அறுந்தால் கதை வேறு. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றுதான் பலரும் விவரிக்கிறார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த கெண்டைக்கால், உடலைச் சூடாக்கிக்கொள்ளாமல், ஒரே நொடியில் முழு எடையையும் முன்னே தள்ள முயலும்போது இது நேர்கிறது. நடுவயது ஆண்களிடம்தான் இது அதிகம். அறுவை சிகிச்சை செய்தாலும், காலைக் கட்டி வைத்து ஆற விட்டாலும், மீண்டும் கோர்ட்டில் ஓட ஆறு முதல் ஒன்பது மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிட உடல் சூடேற்றலும், வாரத்தில் இரண்டு நாள் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சியும் ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை. இவை காயம் வராது என்று உறுதி தருபவை அல்ல, ஆனால் கெண்டைக்காலை இந்த வேலைக்குத் தயார்ப்படுத்துபவை.

கண்ணைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கால்பந்தோ கூடைப்பந்தோ முகத்தில் மோதினால் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு பெரும்பகுதி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்தோ அந்த எலும்பு வளையத்துக்குள் நுழைந்து கண்விழியையே நேரடியாகத் தாக்கக்கூடிய அளவில் இருக்கிறது. கண்ணுக்குள் இரத்தம் கசிவது, விழித்திரை கிழிவது, கண்குழி எலும்பு முறிவது ஆகியவை இதன் விளைவுகள். எதிராளியின் மட்டை பட்டாலும் இவையே. பார்வைக்கான சாதாரண மூக்குக்கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. உடைந்தால் அதன் சில்லுகளே கண்ணுக்குள் போகும். காண்டாக்ட் லென்ஸ் எதையும் தடுப்பதில்லை. வில்லை இல்லாத வெற்றுச் சட்டகத்தின் ஊடாகவும் பந்து நசுங்கி உள்ளே வரும். மட்டை விளையாட்டுகளின் கண் பாதுகாப்புக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்3164 போன்ற தரக் குறியீடு பொறித்த பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும். அதன் விலை பெரும்பாலும் ஒரு நல்ல மட்டையின் விலையில் சிறு பகுதியே. உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் இது கட்டாயம். எங்கே பந்து வரும் என்று கணிக்கத் தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நாற்பது வயதுப் புதியவருக்கு மட்டும் இது விருப்பம்போல் என்றிருப்பது எனக்கு விளங்காத விநோதம்.

இதயப் பரிசோதனை பற்றிப் பேசினால் பயமுறுத்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். 1986இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியான ஆய்வு ஒன்று, ஸ்குவாஷோடு தொடர்புடைய 60 திடீர் மரணங்களை ஆராய்ந்தது. இறந்தவர்களின் சராசரி வயது 46; பெரும்பாலோருக்குக் காரணம் இதய இரத்தக்குழாய் நோய். அவர்களில் 45 பேர் முன்கூட்டியே நெஞ்சுவலி முதலிய அறிகுறிகளைச் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் என்னை எப்போதும் உறுத்தும் தகவல். இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும், மட்டை வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, அவர் தேவையென்று சொல்லும் பரிசோதனைகளை முடித்துவிட வேண்டும். இயல்பில்லாத மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் ஆகியவற்றை வாயுக்கோளாறு என்று தள்ளிவிட்டு அடுத்த கேமுக்குப் போகக் கூடாது. காய்ச்சலோடும், காய்ச்சல் விட்ட கையோடும் ஆடுவதைத் தவிர்க்க வேண்டும். காற்றோட்டம் குறைந்த கோர்ட்டில் சென்னையின் புழுக்கமும் சேர்ந்துகொண்டால், அதே ஆட்டம் உடலிடம் இன்னும் அதிகம் கேட்கும்.

பயிற்சியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் மருத்துவச் செலவைக் குறைக்கும் முதலீடாகவே நான் கருதுகிறேன். மட்டையை எவ்வளவு தூரம் வீசலாம், அடித்த பிறகு எப்படி விலகி நிற்பது, எதிராளி மட்டை வீச்சுக்குள் இருந்தால் அடிக்காமல் நிறுத்தி லெட் (அந்தப் புள்ளியை மீண்டும் ஆடுவது) கேட்பது எப்போது என்பனவற்றைத் தொடக்கத்திலேயே சில வகுப்புகளில் கற்றுக்கொண்டவர், 6.4 மீட்டர் அகலக் கோர்ட்டில் இன்னொருவரோடு ஆபத்தின்றி ஆட முடியும்.

கடைசியாகக் காப்பீடு. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை ஒட்டியே எழுதப்பட்டவை. தசைநாண் அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைத்தாலும், அதன் பின் மாதக்கணக்கில் தொடரும் இயன்முறை சிகிச்சையில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வருவதை மட்டுமே சில காப்பீடுகள் ஏற்கும். மருத்துவமனையில் சேராமலே குணமாகும் முழங்கை வலிக்கும் கணுக்கால் பிசகுக்கும் பல காப்பீடுகளில் எதுவுமே கிடைக்காது. வலது காலில் நாண் அறுந்தவர் பல வாரங்கள் கார் ஓட்ட முடியாது என்பதால் அலுவலகம் போய்வரும் வாடகைக் கார் செலவும் சேரும். தினக்கூலி போல் வேலைக்கேற்ப வருமானம் பெறுபவருக்கு அந்த வாரங்களின் வருமானமே போய்விடும். உங்கள் காப்பீடு வெளிநோயாளிச் சிகிச்சையை ஏற்குமா, ஏற்குமென்றால் ஆண்டுக்கு எவ்வளவு வரை என்பதை முதல் கோர்ட் வாடகையைக் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.