பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் பொறுப்பு

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், அப்பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்பதற்கு யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகமும் இதுவும் ஒன்றே எனப் பலர் எண்ணுகிறார்கள், அது தவறு.

குழு உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர் என்று வகுக்கப்பட்டது. ஆசிரியரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் குழுவில் இடம்பெற்றனர். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். தலைவர் பெற்றோரில் ஒருவரே. தலைமையாசிரியர் கூட்டத்தை அழைத்து நடத்துபவர்.

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகியவை குழுவின் முதன்மைப் பணிகள். இவற்றுள் மேம்பாட்டுத் திட்டமே உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி இது மூன்றாண்டுத் திட்டம். ஒவ்வோர் ஆண்டுக்கும் உட்திட்டம் உண்டு. எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாகத் தேவை, எந்தக் கட்டட வசதி இல்லை, அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, அதாவது டிசம்பர் இறுதிக்குள், அது தயாராகிவிட வேண்டும்.

தீர்மானத்தை எழுதும் விதத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. "கழிப்பறையைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அதன்மேல் யாரும் நடவடிக்கை எடுக்க இயலாது. "மாணவியர் கழிப்பறை இரண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் பழுது, இன்ன தேதிக்குள் சரிசெய்ய இன்னார் பொறுப்பு" என்று எழுதினால், அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த வரியை வாசித்துக் கேள்வி கேட்கலாம். கூட்டம் முடிந்த அவசரத்தில் பதிவேடு கைமாறி வரும்போது, தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் எந்தத் தாயும் கையெழுத்திட வேண்டாம். படிக்கத் தெரியாதவராக இருந்தால், அதை வாசித்துக் காட்டும்படி தயங்காமல் கேட்க வேண்டும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2018இல் வகுக்கப்பட்ட அளவுப்படி, 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்; அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குச் செலவிடப்பட வேண்டும். குழுவுக்கு வரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்றும், ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்றும் மாதிரி விதிகள் சொல்கின்றன.

ஆசிரியர்கள் நேரத்துக்கு வருகிறார்களா என்பதைக் கவனிப்பதும் குழுவின் பணியே. அதேபோல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த வேறு கல்விசாராப் பணிகளுக்கு அவர்களை அனுப்பக் கூடாது என்ற 27ஆம் பிரிவு காக்கப்படுகிறதா என்றும் குழு பார்க்க வேண்டும். குழு ஆசிரியருக்கு எதிரானதன்று. ஆசிரியர் பற்றாக்குறையை எழுத்தில் பதிந்து மேலே அனுப்பும்போது அவருக்கு அது பெருந்துணை.

பள்ளி அளவில் தீராதவற்றைக் கிராம சபையில் எழுப்பலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் அது கூடும் நாள்கள். குழந்தையின் கல்வி உரிமை மீறப்பட்டிருந்தால், 32ஆம் பிரிவின்கீழ் உரிய உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்துமூலம் முறையிடலாம். அது மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அம்முடிவு நிறைவளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அப்போது தேதியும் கையெழுத்தும் உள்ள தீர்மான நகல் முறையீட்டோடு இணைந்திருப்பது நல்லது.