ஏற்காட்டுச் சில்லை: முதலில் அலகைப் பாருங்கள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்குள் நுழைந்ததும், காபித் தோட்டத்து வேலி ஓரமாகப் புல் கதிர் விட்டு நிற்கும் இடம் ஒன்றைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பத்துப் பன்னிரண்டு குருவிகள் ஒரே கொத்தாக எழும்பி, ‘ப்ரிட், ப்ரிட்’ என்று சத்தமிட்டுக்கொண்டு அடுத்த புதருக்குள் மறையும். பலர் அவற்றைச் சிட்டுக்குருவி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். சிட்டுக்குருவி ஏறக்குறைய 15 செ.மீ. நீளம் இருக்கும். இவை 10, 11 செ.மீ.தான், எடையும் 12 கிராம் அளவுதான். இவற்றின் பெயர் சில்லை. தினைக்குருவி என்றும் சொல்வார்கள்.

சில்லையைக் கண்டால் முதலில் நிறத்தைத் தேட வேண்டாம், அலகைப் பாருங்கள். அதே தோட்டத்தில் திரியும் தேன்சிட்டுக்கு அலகு மெலிந்து வளைந்திருக்கும். சில்லைக்கோ முக்கோணமாக, அடிப்பாகம் அகன்று, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். புல் விதை தின்றே பிழைக்கும் பறவைக்கு இப்படித்தான் இருக்க வேண்டும்.

புல் விதை சிறியது, உமி கெட்டியானது. அதை அப்படியே விழுங்கினால் வயிற்றில் பாதி உமியாகவே போகும். அதனால் சில்லை ஒவ்வொரு விதையையும் வாயிலேயே உமி நீக்கித் தின்கிறது. மேலலகின் உட்புறத்தில் நீளவாக்கில் பள்ளமும் வரம்பும் உண்டு. நாக்கு விதையைத் தள்ளிக்கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் பொருத்த, கீழலகு மேலே வந்து அழுத்துகிறது. பாக்குவெட்டியில் பாக்கை வைத்து அழுத்துவது போலத்தான். ஆனால் பாக்குவெட்டியில் ஒரு பிடிதான் அசையும். பறவைக்கு மேலலகும் கொஞ்சம் அசையும். நெற்றியை ஒட்டிய இடத்தில் எலும்பு மெலிந்து வளைந்து கொடுக்கிறது. உமி விரிந்ததும் நாக்கு விதையை உருட்ட, பருப்பு உள்ளே போகிறது, உமி அலகோரமாக உதிர்கிறது. பைனாகுலரில் பார்த்தால் அலகு நிற்காமல் அசைபோடுவதும், அதன் ஓரத்தில் உமித் துணுக்குகள் ஒட்டியிருப்பதும் தெரியும். இத்தனைக்கும் விசை தருகிற தாடைத் தசைகள் தலையின் இரு பக்கமும் புடைத்திருக்கின்றன. உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரியதாகத் தெரிவது அதனால்தான்.

பருப்பு நேராக இரைப்பைக்குப் போவதில்லை. கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சேர்ந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சாயங்காலம் அதை நிரப்பிக்கொண்டுதான் தூங்கப் போகும். மலைக் குளிரில் இரவைக் கடத்த இந்தச் சேமிப்பு அவசியம். பல் இல்லாததால் அரைக்கும் வேலை தசை நிறைந்த அரைவைப்பையுடையது, அதற்குக் கல்மணல் வேண்டும். சில்லைகள் சாலை ஓரத்து மண்ணைக் கொத்தினால், விதையோடு மணலையும் பொறுக்குகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த விதையில் ஈரம் கிடையாது என்பதால் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விதையில் மாவுச்சத்து உண்டு, புரதம் குறைவு. குஞ்சு வளர்க்கப் புரதம் வேண்டுமே? மலேசிய நெல்வயல்களில் வெண்முதுகுச் சில்லை என்ற இனத்தின் பறவைகளை ஆராய்ந்தபோது, அவை நெல்லோடு நீரில் வளரும் பச்சை இழைப்பாசியையும் தின்பது தெரியவந்தது. புரதத்துக்கு அது ஒரு வழி. இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. ‘விதை தின்னி’ என்று நாம் ஒட்டும் முத்திரைக்குள் ஒரு பறவை முழுதாக அடங்குவதில்லை.

சரி, எந்தச் சில்லை? அலகு குடும்பத்தைச் சொல்லிவிட்டது, இனத்தைச் சொல்ல இனி நிறம் வேண்டும். மேற்சொன்ன வெண்முதுகுச் சில்லைக்குத் தலை, தொண்டை, மார்பு எல்லாம் கரும்பழுப்பு. வயிறு வெளிறிய வெள்ளை. பறந்து போகும்போது வாலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும், வால் கறுத்துக் கூர்மையாக முடியும். ஆனால் வெள்ளைப் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. சேலத்துச் சமவெளியின் வறண்ட முள்காடுகளில் இருக்கும் வெண்தொண்டைச் சில்லைக்கும் அந்த இடம் வெள்ளைதான். அதற்குத் தொண்டையும் மார்பும் வெளுப்பு, முதுகு மண்நிறம். அதனால் மார்பையும் சேர்த்துப் பாருங்கள். புள்ளிச் சில்லைக்கு முகம் செம்பழுப்பு, வெள்ளை மார்பில் மீன்செதில் போன்ற கோடுகள். அதன் இளம்பறவைதான் குழப்பும். செதில் எதுவும் இல்லாமல் உடம்பு முழுக்க மங்கிய பழுப்பாக, புது இனம் போலவே இருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் உடன் வந்த பெரியவை எவை என்று பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். ஆண் மட்டும் பாடும். அந்தப் பாட்டோ பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். புள்ளிச் சில்லை பாடும்போது கூட்டத்தில் இன்னொன்று நெருங்கி வந்து, தலையை நீட்டி, பாடுகிற பறவையின் அலகருகே காதை வைத்துக்கொண்டு நிற்கும்!

வெண்முதுகுச் சில்லையின் வளர்ப்பு வகையை ஜப்பானில் சுமார் 250 ஆண்டுகளாகக் கூண்டில் வளர்த்து வருகிறார்கள். காட்டுப் பறவையை விட அதன் பாட்டு சிக்கலானது. குஞ்சு எப்படிப் பாட்டுக் கற்கிறது என்று மூளை ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் படிக்கிறார்கள். அது தலைமுறை தலைமுறையாக வீட்டில் பிறந்த பறவை. நம் ஊர்க் காட்டுச் சில்லையைப் பிடித்து, சாயம் பூசி விற்பது வேறு கதை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சாயம் பூசிய குருவியை யார் விற்றாலும் பரிதாபப்பட்டுக்கூட வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் நாலு பிடிபடும்.

கூடு புல்லால் ஆன உருண்டை, வாசல் பக்கவாட்டில் இருக்கும். முட்டைகள் தூய வெள்ளை. குஞ்சுகள் பறந்து போன பிறகும் அந்தக் கூட்டில் இரவு தங்கப் பல பறவைகள் ஒன்றாக வரும். ஆகவே காபிச் செடியைக் கவாத்து செய்யும்போது பழைய கூடு என்று பிடுங்கி எறிவதற்கு முன், ஒரு சாயங்காலம் தள்ளி நின்று, யாராவது உள்ளே போகிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.