'கன்வர்ஷன் தெரபி': சிகிச்சையே இல்லாத ஒன்றுக்குத் தமிழில் என்ன பெயர்?

'கன்வர்ஷன் தெரபிக்குத் தடை' என்று ஒரு செய்தி வந்தால், தமிழில் அதை எப்படி எழுதுவது என்று தடுமாற வேண்டியிருக்கிறது. 'மாற்று சிகிச்சை' என்று போட்டால் படிக்கிறவருக்குச் சித்தாவும் ஹோமியோபதியும் அக்குபங்சரும்தான் நினைவுக்கு வரும், ஏனென்றால் அலோபதிக்கு மாற்றாக இருப்பதைத்தான் நாம் அப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். சரி, முன்னால் 'பாலின' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாம் என்றால் அது இன்னும் மோசம். திருநங்கைகளும் திருநம்பிகளும் தாங்களே விரும்பிச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைக்குப் பல காலமாக வழங்கிவரும் பெயர் 'பாலின மாற்று சிகிச்சை'. ஒருவர் தன் மனசுக்கு ஏற்றபடி தன் உடம்பை அமைத்துக்கொள்வது ஒன்று, ஊர் வாய்க்குப் பயந்து ஒருவருடைய மனசை வளைக்கப் பார்ப்பது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் 'பாலின மாற்று சிகிச்சைக்குத் தடை' என்ற தலைப்பைப் பார்த்துத் திருநர் ஒருவர் பதறிப்போவார், அவர் பதறுவதில் தப்பும் இல்லை.

முதலில் பொருள். தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ள ஒருவரை எதிர்பாலீர்ப்புக்கு மாற்றிவிடலாம், திருநர் ஒருவரைப் பிறப்பில் பதிந்த பாலினத்துக்கே திருப்பிவிடலாம் என்று நம்பிச் செய்கிற எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர்தான் கன்வர்ஷன் தெரபி. மின்னதிர்ச்சி, வாந்தி வரவைக்கும் மருந்து, ஹார்மோன் ஊசி, ஹிப்னாடிசம், மாதக்கணக்கில் 'பேசிச் சரிசெய்தல்' என்று இதற்கு எத்தனையோ வடிவம். அறுபதுகளில் மேற்கு நாடுகளில் செய்தது ஏறக்குறைய இப்படி: ஆணின் படத்தைத் திரையில் காட்டுவார்கள், கூடவே கையிலோ காலிலோ மின்சாரம் பாயும், பெண்ணின் படம் வந்ததும் நின்றுவிடும். வெறுப்பூட்டுச் சிகிச்சை என்று அதற்குப் பாடப்புத்தகப் பெயரும் இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் செய்ததால் அன்றைக்கு யாரும் அதைச் சித்திரவதை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'கன்வர்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல், திருப்புதல் என்று பொருள். மதமாற்றத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், அதனால் சொல்லுக்குள்ளேயே 'வழி தவறியவனைத் திருப்பிக் கொண்டுவருவது' என்கிற வாடை இருக்கிறது. 'தெரபி' கிரேக்கத்தில் பணிவிடை, பராமரிப்பு என்ற பொருளில் தொடங்கிக் குணப்படுத்துதலுக்கு வந்து சேர்ந்தது. ஃப்ராய்டும் 'கன்வர்ஷன்' என்ற சொல்லைப் புழங்கியவர்தான், ஆனால் அது மனவேதனை உடல் நோயாக உருமாறுவதைக் குறிக்கும் வேறு கலைச்சொல், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாற்றும் விஷயத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. தன்பாலீர்ப்பு முழுமையாக அமைந்த ஒருவரை எதிர்பாலீர்ப்புக்கு மாற்றுவது, அதைத் தலைகீழாகச் செய்து பார்ப்பதைவிட ஒன்றும் எளிதல்ல என்று 1920-லேயே எழுதிவிட்டார். 1935-ல் தன் மகனைப் பற்றிக் கேட்டு எழுதிய ஓர் அமெரிக்கத் தாய்க்கு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது நோயும் அல்ல என்று பதில் போட்டார். அவருக்குப் பின்னால் வந்த அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்கள் பலர் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குணப்படுத்தியே தீருவோம் என்று கிளம்பியது தனிக் கதை.

அந்தக் கிளம்பலுக்கு முதல் பெரிய முட்டுக்கட்டை போட்டவர் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர். லாஸ் ஏஞ்சலஸில் அவரிடம் படித்த மாணவர் ஒருவர், எங்களைப் போன்றவர்களை ஆராயுங்கள் என்று வற்புறுத்தினார். அதுவரை வந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தவர்களை வைத்தே நடந்தவை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் பார்த்து ஊரே நோயாளி என்று சொன்ன கதைதான். ஹூக்கருக்குச் சிகிச்சையிலோ சிறையிலோ இல்லாத, சாதாரணமாக வேலைக்குப் போய்வருகிற ஆட்கள் வேண்டும். ஒருவருடைய பெயர் வெளியே தெரிந்தால் வேலையும் போய்ச் சிறைக்கும் போகவேண்டிய ஐம்பதுகளில் அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள்? அங்கேதான் மாட்டாஷீன் சொசைட்டி என்ற உரிமை அமைப்பு கைகொடுத்தது, ஆட்களைத் தேடித் தந்தது. தன்பாலீர்ப்பு கொண்ட 30 ஆண்கள், எதிர்பாலீர்ப்பு கொண்ட 30 ஆண்கள், எல்லோருக்கும் மைக்கறைச் சோதனை (மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டு மனசைப் படிப்பது) உட்பட அன்று பேர்போன சோதனைகள். பெயரை மறைத்து முடிவுகளை மூன்று வல்லுநர்களிடம் கொடுத்தார். மைக்கறைச் சோதனையில் கரைகண்டவரான புரூனோ க்ளாப்ஃபரும் அதில் ஒருவர். யார் எந்தப் பக்கம் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, நாணயம் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் அதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும். 1957-ல் அச்சான அந்தக் கட்டுரை இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

பின்னால் நடந்தது கொஞ்சம் வேகமானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கூட்டங்களுக்குள் செயற்பாட்டாளர்கள் 1970 முதல் புகுந்து மைக்கைப் பிடித்தார்கள். 1972-ல் டாலஸ் கூட்டத்தில் செயற்பாட்டாளர்கள் பார்பரா கிட்டிங்ஸும் ஃபிராங்க் கமேனியும் உட்கார்ந்த மேடையிலேயே 'டாக்டர் எச். அனானிமஸ்' என்று ஒருவர் ரப்பர் முகமூடியும் விக்கும் அளவு பெரிதான கோட்டும் போட்டு, குரலை மாற்றும் மைக்கில், நானும் தன்பாலீர்ப்பாளன்தான், நானும் மனநல மருத்துவன்தான் என்றார். உள்ளே இருந்தது ஜான் ஃப்ரையர். அடுத்த ஆண்டு, உளவியல் படித்துக்கொண்டிருந்த செயற்பாட்டாளர் சார்ல்ஸ் சில்வர்ஸ்டீன் சங்கத்தின் நோய்ப்பெயர்க் குழு முன்னால் ஆராய்ச்சிகளை எடுத்துவைத்து வாதாடினார், 1973 டிசம்பரில் தன்பாலீர்ப்பு நோய்ப் பட்டியலிலிருந்து போனது. 1975-ல் அமெரிக்க உளவியல் சங்கமும் சேர்ந்துகொண்டது. (ஆங்கிலத்தில் இரண்டு சங்கத்துக்கும் ஏபிஏ என்றே சுருக்கம். தமிழில் எழுதுபவர்கள் மருத்துவர் சங்கம் எது, உளவியல் சங்கம் எது என்று பிரித்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.)

நோயே இல்லை என்றான பிறகு சிகிச்சை எதற்கு? இந்தக் கேள்வியோடு சொல்லும் மறைந்திருக்க வேண்டும், ஆனால் வேறு பெயரில் வந்தது. 1992-ல் அமெரிக்காவில் ஜோசப் நிக்கொலோசியும் சார்ல்ஸ் சாக்கரைடீஸும் கூட்டாளிகளும் மாற்ற முடியும் என்று வாதாட ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 'ரெப்பரேட்டிவ் தெரபி', அதாவது பழுதுபார்க்கும் சிகிச்சை என்ற பெயர் பரவியது. கிறிஸ்தவச் சபை சார்ந்த குழுக்கள் இன்னொரு பக்கம். அவற்றில் பெரியதான எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 1976-ல் தொடங்கி 2013-ல் அதன் தலைவரே மன்னிப்புக் கேட்டு இழுத்து மூடப்பட்டது. 1973-ல் பட்டியலிலிருந்து எடுக்க முன்னின்ற மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே பிறகு 200 பேரிடம் போனில் கேட்டு, சிலர் மாறியிருக்கிறார்கள் என்று 2003-ல் கட்டுரை வெளியிட்டார், 2012-ல் அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று மன்னிப்பும் கேட்டார். 

நம் சொல்லுக்கு முக்கியமான ஆண்டு 2009. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 1960 முதல் 2007 வரை வந்த 83 ஆய்வுகளைப் படித்துப் பார்த்து, மாற்ற முடியும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை, மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் போன்ற கேடுகள் சிலருக்கு வந்திருப்பது தெரிகிறது என்று சொன்னது. அந்த அறிக்கையில் 'தெரபி' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்து 'செக்ஷுவல் ஓரியன்டேஷன் சேஞ்ச் எஃபர்ட்ஸ்' என்று எழுதினார்கள், பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகள். மருத்துவர் செய்தாலும் பாதிரியார் செய்தாலும் அந்தப் பெயருக்குள் அடங்கும். மூன்றே வருடத்தில் கலிஃபோர்னியா மாநிலம், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் உரிமம் பெற்ற மனநலப் பணியாளர்கள் இதைச் செய்யக் கூடாது என்று அமெரிக்காவிலேயே முதலாவதாகச் சட்டம் போட்டது. சட்டத்தின் வாசகத்தில் 2009 அறிக்கை மேற்கோளாக இருக்கிறது, அறிக்கையின் சொல்லே சட்டத்தின் சொல்லாகவும் ஆகிவிட்டது. உளவியலாளர்களும் உரிமைக் குழுக்களும் சேர்ந்து வேலை செய்தால் கொள்கை எப்படி மாறும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் மட்டும் இருந்தால் 'உன் அனுபவம், அவ்வளவுதான்' என்பார்கள், ஆய்வு மட்டும் இருந்தால் அலமாரியில் தூங்கும். பிறகு வந்த சட்டங்களிலும் சொல் நகர்ந்துகொண்டே போனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021-ல் 'மாற்றும் அல்லது ஒடுக்கும் நடைமுறைகள்' என்றது, நியூசிலாந்து 2022-ல் 'கன்வர்ஷன் நடைமுறைகள்' என்றது. கனடாவோ பழைய பெயரிலேயே தடை போட்டது.

நம் ஊருக்கு வருவோம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அந்தப் பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பிய நீதிபதி, எனக்கே இது சரியாகப் புரியவில்லை, நானும் உட்கார்ந்து கேட்கிறேன் என்று தானும் போனார். நீதிபதி ஒருவர் இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்த ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி உத்தரவில், பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் குணப்படுத்தவோ மாற்றவோ செய்யும் எந்த முயற்சியும் கூடாது, மீறுகிற தொழில்முறையாளரின் உரிமத்தைப் பறிக்கலாம் என்றார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், கன்வர்ஷன் தெரபி செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, சமூகத்தினரே முன்னின்று தொகுத்த சொற்களை வைத்து, பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட எல்லோரையும்) குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இந்தியாவில் மனநலத் துறையினர் நீதிமன்றத்துக்கு வந்தது இது முதல் தடவையும் அல்ல, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே மனநல மருத்துவர்கள் சிலர் இடையீட்டு மனு போட்டிருந்தார்கள்.

இப்போது தமிழ்ச் சொல். என் பரிந்துரை 'பாலீர்ப்பு மாற்ற முயற்சி', திருநர் விஷயமாக இருந்தால் 'பாலின அடையாள மாற்ற முயற்சி'. இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் 'கட்டாய மாற்ற முயற்சிகள்' என்று எழுதலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: வீட்டுக்குப் பயந்து தானே சம்மதித்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள், 'கட்டாயம் எங்கே?' என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால் அடைமொழி இல்லாமல் எழுதுவதே மேல். 'மாற்று' என்பதைவிட 'மாற்ற' என்று எழுதினால் அக்குபங்சர் குழப்பமும் தீர்ந்துவிடும். ஓசைக்குச் சற்று நீளம்தான், வாயில் புழங்கப் புழங்கச் சுருங்கிக்கொள்ளும். திருநர் விரும்பிச் செய்துகொள்வதை 'பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை' என்று தனியாக எழுதினால் இரண்டும் மோதாது.

'முயற்சி' என்ற சொல்லில் இன்னொரு வசதி. நம் ஊரில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் டாக்டர்கள் ஒரு பகுதிதான். மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர், உபவாச ஜெபத்தில் உட்காரவைக்கிறவர், 'லைஃப் கோச்' என்று போர்டு மாட்டியவர், எல்லாவற்றுக்கும் மேலாக, கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று மூன்று மாதத்தில் முகூர்த்தம் குறிக்கிற பெரியப்பா. மருத்துவ கவுன்சிலின் கை டாக்டர் வரைக்கும்தான் நீளும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில், மற்றவர்களுக்கு எந்தக் கவுன்சிலும் கிடையாது. தடை வாசகத்தில் 'சிகிச்சை' என்று மட்டும் இருந்தால் பெரியப்பா, நான் என்ன ஊசியா போட்டேன் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.