பழுதுபார்ப்புக் கப்பல்

ஆங்கிலத்தில் ‘repair ship’ எனப்படுவதைத் தமிழில் ‘ரிப்பேர் கப்பல்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி ஓடவில்லை என்றுதானே புரிந்துகொள்கிறோம்? இதுவோ அடிபட்ட மற்றக் கப்பல்களுக்கு வேலை பார்க்கும் மிதக்கும் பட்டறை. உலை, வார்ப்படம், கடைசல் எந்திரம், குழாய் வேலை, தச்சு வேலை, முக்குளிப்போர் எல்லாம் உள்ளேயே உண்டு.

லத்தீன் ‘ரெபராரே’ (மறுபடி ஆயத்தமாக்கு) பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் ‘ரிப்பேர்’ ஆனது. தமிழில் ‘மராமத்து’ அரபியிலிருந்து வந்து ஏரி, கட்டடங்களோடு ஒட்டிக்கொண்டது. ‘செப்பனிடு’ என்றதும் சாலைதான் நினைவுக்கு வருகிறது. கப்பலுக்கென்றே ஒரு பழைய சொல்லாட்சி உண்டு: பரிபாடலில் நீகான் (மாலுமி) சிதையும் கலத்தைப் பயின் கொண்டு ‘திருத்துகிறான்’. பயின் என்பது பிசின் பற்று. அழகான சொல்தான், ஆனால் இன்று ‘திருத்து’ என்றால் விடைத்தாள் ஞாபகம்தான் வரும். எனவே ‘பழுதுபார்ப்பு’ என்பதே பொருத்தம். அதிலுள்ள ‘பார்’ கண்ணால் காண்பதன்று. ‘வைத்தியம் பார்’ என்பதில் வரும் அதே ‘பார்’.

அமெரிக்கக் கடற்படையின் ‘வெஸ்டல்’ இதற்குச் சிறந்த சான்று. 1908இல் நிலக்கரிக் கப்பலாக நீரில் இறங்கி, 1913இல் பழுதுபார்ப்புக் கப்பலானது. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் ‘அரிசோனா’ போர்க்கப்பலை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. ஜப்பானியத் தாக்குதலில் வெஸ்டல்மேல் இரண்டு குண்டுகள் விழுந்தன. ஒன்று தச்சுப் பட்டறையையும் தகட்டு வேலைப் பட்டறையையும் துளைத்து, அடிப்பகுதியில் சுமார் 5 அடி விட்டமுள்ள ஓட்டை போட்டது. அரிசோனா வெடித்த வேகத்தில் கடலில் வீசப்பட்ட வெஸ்டலின் தலைவர் காசின் யங் நீந்தி ஏறிவந்து, கப்பலைக் கைவிடும் உத்தரவை நிறுத்தினார். மூழ்காதிருக்க, அயேயா (Aiea) என்ற இடத்தின் கரையோரம் தரைதட்ட வைத்தார். கப்பல் கட்டும் தளத்தில் இடநெருக்கடி; வெஸ்டலின் ஆட்களே தங்கள் கப்பலைப் பழுதுபார்த்தார்கள். 1942 ஆகஸ்டில் அது தென் பசிபிக்குக்குப் புறப்பட்டது.

இப்படிப்பட்ட ஓட்டையை அடைக்க, முக்குளிப்போர் முதலில் அளவெடுப்பார்கள். வெளியே பிதுங்கி நிற்கும் கிழிந்த தகட்டை வெட்டாமல் ஒட்டுத்தகடு பொருத்தினால் விளிம்பு படியாது. எவ்வளவு இறைத்தாலும் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அருகில் எண்ணெய்த் தொட்டி இருந்தால், ஆவியை வெளியேற்றும் முன் பற்றவைப்பு (வெல்டிங்) கூடாது, வெடித்துவிடும்.

எழுதும்போது ‘பழுதுபார்ப்பு கப்பல்’ என ‘க்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். ‘பார்ப்பு’ வன்றொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து வந்து குறுகி ஒலிக்கும் ‘உ’) என்பதால் ‘பழுதுபார்ப்புக் கப்பல்’ என்று வல்லினம் மிகும்.